மாலை வகுப்பு எடுக்க ஆசை, எட்டு மாதமாகப் பதிலே இல்லை

வாசகியின் கடிதம் நீளமானது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு 47 வயது. ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறார். அலுவலகத்தில் யாருக்கு ஸ்ப்ரெட்ஷீட்டில் சந்தேகம் வந்தாலும் இவர் மேஜைக்குத்தான் வருவார்களாம். மகள் படிப்புக்காக வெளியூர் போய்விட்டதால் மாலைகள் காலியாகிவிட்டன. வேலைக்குப் போகிறவர்களும் சிறுதொழில் செய்கிறவர்களும் படிக்க வரும் மாலை நேர, வார இறுதி வகுப்புகளில் பகுதிநேரமாகப் பாடம் எடுக்க வேண்டும் என்பது ஆசை. எட்டு மாதமாகத் தொடர்கல்வி மையங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பயோடேட்டா அனுப்புகிறார். "கணக்கு சம்பந்தப்பட்ட எந்தப் பாடத்தையும் எடுக்கத் தயார்" என்று அதில் எழுதியிருக்கிறார். வந்த ஒரே பதில், "உங்கள் விவரங்களைப் பதிந்து வைத்திருக்கிறோம்" என்பதுதான். கல்வியியல் பட்டம் இல்லாமல் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல, பி.எட். சேரலாமா என்று யோசிக்கிறார். இதற்கிடையில் ஒரு மையம் கூப்பிட்டு, இலவசமாக ஒரு மாதிரி வகுப்பு எடுக்கவும், பத்து வாரத்துக்கான நோட்ஸையும் பயிற்சித் தாள்களையும் முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பவும் கேட்டிருக்கிறது. மணிக்கூலியை வகுப்பு நேரத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு, நாலைந்து வகுப்பு கிடைத்துவிட்டால் வேலையை விட்டுவிடலாம், வகுப்புக்கு வருகிறவர்களில் சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தும் சம்பாதிக்கலாம் என்பது அவர் திட்டம். கடைசியாக ஒரு பயம்: "என்னைவிட வயதில் மூத்தவர்கள், சொந்தத் தொழில் நடத்துகிறவர்கள் வந்து உட்காருவார்கள். எனக்குத் தெரியாததைக் கேட்டுவிட்டால் என்ன செய்வேன்?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தகுதியில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த வேலையைத் தேடும் முறை வேறு. அதை உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். பி.எட். பற்றியும் ராஜினாமா பற்றியும் இப்போதே முடிவு எடுக்க வேண்டாம். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பதில் ஏன் வரவில்லை

நீங்கள் விண்ணப்பித்தது காலியிடத்துக்கு. தொடர்கல்வி மையங்களில் பெரும்பாலும் அப்படி ஒன்று இருப்பதே இல்லை. பள்ளியில் கணித ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலிக்கு ஆள் வேண்டும். மாலை நேர மையத்தில் வகுப்பு இருந்தால்தான் நாற்காலியே உண்டு, வகுப்பு முடிந்ததும் அதுவும் போய்விடும். அங்கே ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருப்பார். அடுத்த பருவத்துக்கு எந்தெந்த வகுப்புகள், எந்தக் கிழமை, எந்த அறை, எத்தனை பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும் என்பதுதான் அவர் தலைவலி. அவருக்கு உங்கள் பயோடேட்டா வருகிறது. நல்ல அனுபவசாலி என்று தெரிகிறது. ஆனால் இவரை வைத்து எந்த வகுப்பைப் போடலாம், அதற்கு யார் வருவார்கள், அறிவிப்பில் என்ன எழுதுவது என்று அவரே உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு அவருக்கு நேரமில்லை. "எந்தப் பாடமும் எடுக்கத் தயார்" என்ற வரி அவருக்கு இன்னும் கஷ்டம். எதையும் எடுப்பேன் என்பவரைக் குறிப்பிட்ட எந்த வகுப்போடும் பொருத்திப் பார்க்க முடியாது.

அதனால் பயோடேட்டாவுக்குப் பதில் ஒரு வகுப்பையே எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். வகுப்பின் பெயர், யாருக்காக, எத்தனை வாரம், ஒவ்வொரு வாரமும் என்ன, முடிவில் படித்தவர் எதைத் தானே செய்வார், குறைந்தது எத்தனை பேர், அதிகபட்சம் எத்தனை பேர், என்னென்ன வசதி வேண்டும். கடைசியில் உங்களைப் பற்றி நாலு வரி. கூடவே அறிவிப்பில் அப்படியே போடக்கூடிய ஒரு சின்னப் பத்தியையும் எழுதிக் கொடுத்தால் ஒருங்கிணைப்பாளருக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

வகுப்பைக் குறுக்கிக்கொள்ளுங்கள். "அடிப்படைக் கணக்கியல்" என்று போட்டால் எதிரில் யார் உட்காரப் போகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, சேரலாமா வேண்டாமா என்று அவர்களுக்கும் தெரியாது. "சிறுதொழில் செய்கிறவர்களுக்கு: மாத வரவு செலவை நீங்களே ஸ்ப்ரெட்ஷீட்டில் பார்க்க ஆறு வாரம்" என்று போட்டுப் பாருங்கள். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம். முடிக்கிறவர் தன் தொழிலுக்கான வரவு செலவு ஏட்டைத் தானே அமைத்திருப்பார். யார் எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாக என்று ஒரு பார்வையில் சொல்வார். கணக்கில் லாபம் காட்டுகிறது, கையில் ஏன் காசு இல்லை என்ற கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கும். இந்தக் கடைசி விஷயத்துக்காகவே ஆட்கள் வருவார்கள் என்பது என் ஊகம். பணம் கட்டிவிட்டு, வேலை முடிந்த களைப்போடு வருகிறவருக்குப் பாடத்தின் பெயர் முக்கியமில்லை, தன் சிக்கல் தீருமா என்பதுதான் முக்கியம்.

அனுப்புவதற்கு முன் அந்த மையத்தின் இப்போதைய வகுப்புப் பட்டியலைப் பாருங்கள். ஏற்கெனவே இருக்கிற வகுப்பையே நீங்களும் முன்வைத்தால் மறுப்பு நிச்சயம். அந்த வகுப்பை முடித்தவர் அடுத்து எதைப் படிப்பார் என்று யோசித்தால் வழி கிடைக்கும். காலமும் முக்கியம். பட்டியல் பெரும்பாலும் பருவம் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே முடிவாகிவிடும், மூன்று முதல் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் சேர்க்கை நடக்கும் வாரங்களில் அனுப்பினால் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். வகுப்புகள் தொடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து, ஒருங்கிணைப்பாளரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவருக்கே நேரடியாக அனுப்புங்கள்.

கல்லூரிகளின் தொடர்கல்விப் பிரிவை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பொது நூலகங்கள், சமூகக் கூடங்கள், வணிகர் சங்கங்கள், பெண் தொழில்முனைவோருக்குப் பயிற்சி தரும் தொண்டு நிறுவனங்கள், ஊழியர்களுக்குப் பயிற்சி வைக்கும் கம்பெனிகள் எல்லாம் இந்த வட்டத்தில்தான் வருகின்றன. நூலகத்தில் பணம் கிடைக்காமல் போகலாம், ஆனால் ஒருநாள் நிகழ்ச்சி சட்டென்று அமையும். அடுத்த மையத்தில் காட்ட அது ஒரு சான்று. ஓய்வு பெற்றவர்களுக்கான "மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்" என்ற முறை 1973இல் பிரான்சின் துலூஸில் தொடங்கியது. 1982இல் அது பிரிட்டனுக்குப் போனபோது உறுப்பினர்களே சம்பளமில்லாமல் பாடம் எடுக்கும் வடிவத்தைப் பெற்றது. அந்த மாதிரி அமைப்பு பக்கத்தில் இருந்தால் பழகிக்கொள்ள அருமையான இடம், வருமானத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அப்புறம், யாராவது பயிற்றுநர் வர முடியாமல் போனால் அந்த வகுப்பை எடுத்துத் தருகிறேன் என்றும் ஒரு வரி எழுதுங்கள். திடீரென்று ஆள் தேவைப்படும் நாளில் அந்த வரிதான் ஞாபகம் வரும்.

பி.எட். வேண்டுமா?

நீங்கள் எடுக்க நினைக்கும் வகுப்புக்குப் பொதுவாக வேண்டாம். பி.எட். பள்ளி ஆசிரியர்களை உருவாக்குகிற படிப்பு. மதிப்பெண், பட்டம் எதுவும் இல்லாத திறன் வகுப்புகளில் மையங்கள் பார்ப்பது, அந்த வேலையை நீங்கள் செய்திருக்கிறீர்களா, அதைச் சொல்லித்தரத் தெரியுமா என்பதை. பட்டம் அல்லது பட்டயத்துக்குக் கணக்கில் சேரும் பாடம் என்றால் கதை வேறு, அந்தத் துறையில் பெரும்பாலும் முதுகலைப் பட்டம் கேட்பார்கள். எழுத்தறிவு, அடிப்படைக் கல்வி, மொழி கற்பித்தல் ஆகியவற்றுக்குப் பல இடங்களில் ஆசிரியர் பயிற்சிச் சான்று தேவை. தொழில்முறைத் தேர்வுகளுக்கான பயிற்சி என்றால் தேர்வு நடத்தும் அமைப்பின் விதியைப் பார்க்க வேண்டும். உங்கள் வகுப்பு இந்த மூன்றிலும் வரவில்லை. பெரியவர்களுக்குப் பயிற்சி தருவது எப்படி என்று சில வாரங்களில் முடியும் பயிற்றுநர் படிப்புகள் இருக்கின்றன, மனத்திருப்திக்கு ஏதாவது வேண்டுமென்றால் அதில் ஒன்று போதும்.

ஜார்ஜ் பர்க்பெக் என்பவர் மருத்துவம் படித்தவர். 1800இல் கிளாஸ்கோவில் கைவினைத் தொழிலாளர்களுக்கு இயந்திரவியல் பற்றி இலவசமாகப் பேச ஆரம்பித்தார். 1823இல் லண்டனில் தொழிலாளர்களுக்கான கல்வி நிலையம் ஒன்று தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் அவர் முக்கியமானவர். இன்றைக்கும் மாலை நேரப் படிப்புக்குப் பெயர்பெற்ற ஒரு கல்லூரியாக அது இருக்கிறது, அவர் பெயரிலேயே. அவரிடமும் பி.எட். இல்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு படிப்பே இல்லை என்பது வேறு விஷயம்!

பணக் கணக்கு

இதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். ஆனால் கடிதத்தில் மணிக்கூலியை வகுப்பு நேரத்தால் மட்டும் பெருக்கியிருக்கிறீர்கள், அதனால் திரும்ப ஒருமுறை போட்டுப் பார்ப்போம். வாரம் இரண்டு மணி நேரம், எட்டு வாரம் என்றால் உங்களுக்குக் கூலி 16 மணி நேரத்துக்கு. முதல் முறை எடுக்கும்போது ஒவ்வொரு வகுப்புக்கும் தயாரிப்பு மூன்று மணி நேரம் என்று குறைவாகவே வைத்தாலும் 24 மணி நேரம். போய்வர ஒரு மணி நேரம் என்றால் 8. மொத்தம் 48. சொன்ன மணிக்கூலியில் மூன்றில் ஒரு பங்குதான் உண்மையான கூலி. அதே வகுப்பை இரண்டாம் முறை எடுக்கும்போது தயாரிப்பு ஒரு மணி நேரமாகக் குறைந்தால் மொத்தம் 32, உண்மையான கூலி சொன்ன மணிக்கூலியில் பாதியாக உயர்கிறது. அதனால்தான் அனுபவமுள்ள பயிற்றுநர்கள் ஐந்து புது வகுப்பு எடுப்பதைவிட ஒரே வகுப்பை ஐந்து தடவை எடுக்கவே விரும்புவார்கள். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

கூலி மூன்று விதமாக வரும்: மணிக்கு இவ்வளவு, வகுப்புக்கு மொத்தமாக இவ்வளவு, அல்லது வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கு. பங்கு முறையில் பதினைந்து பேர் வந்தால் லாபம், ஆறு பேர் வந்தால் நஷ்டம். ஆள் சேர்க்கும் பொறுப்பில் பாதி உங்கள் தலையில் ஏறிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர் மணிக்கூலி கிடைத்தால் அதை எடுத்துக்கொள்வது நல்லது.

இதைவிடப் பெரிய அபாயம், வகுப்பே நடக்காமல் போவது. குறைந்தபட்ச எண்ணிக்கை சேராவிட்டால் தொடங்கும் நாளுக்குச் சில நாள் முன்புகூட ரத்து செய்வார்கள். இது மோசடி இல்லை, இந்தத் துறையின் வழக்கமே இதுதான். ரத்தானால் தயாரிப்புக்கு ஏதாவது கொடுப்பார்களா, எத்தனை நாள் முன்பு சொல்வார்கள், கூலி எப்போது கைக்கு வரும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல மையங்கள் பயிற்றுநரை ஊழியராக இல்லாமல் ஒப்பந்தக்காரராகத்தான் வைத்துக்கொள்ளும். அப்படியானால் விடுப்பு, வைப்புநிதி, காப்பீடு எதுவும் வராது, வருமான வரிக் கணக்கும் உங்கள் பொறுப்பு. ஒப்பந்தத்தில் என்ன பெயர் போட்டிருந்தாலும், நடைமுறையில் உங்களை ஊழியரைப் போல நடத்தினால் சில நாடுகளில் சட்டம் ஊழியராகவே பார்க்கும். அப்படி ஒரு நிலை வந்தால் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைக் கேளுங்கள்.

இப்போது ராஜினாமா. வேலையை விட்டால் உங்களுக்குக் கிடைப்பது பகல் நேரம். உங்கள் மாணவர்களுக்கோ பகலில் வேலை இருக்கிறது. அவர்கள் வரப்போவது வார நாளில் மாலை ஆறு மணிக்கு மேல், இல்லாவிட்டால் சனி, ஞாயிறு. அந்த நேரம் இப்போதும் உங்களிடம் இருக்கிறது. ஆக, வேலையை விடுவதால் எடுக்கக்கூடிய வகுப்புகள் பெரிதாகக் கூடப் போவதில்லை, சம்பளம் மட்டும் போய்விடும். பகலில் நடக்கும் கம்பெனிப் பயிற்சிகள் தொடர்ந்து வர ஆரம்பித்தால் அப்போது திரும்ப யோசிக்கலாம். அதுவரை கணக்கு கட்டுப்படியாகாது.

இப்போதைய நிறுவனம் என்ன சொல்லும்?

உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து, வெளிவேலை பற்றிய நிபந்தனையைப் படியுங்கள். பல நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமல் வேறு எந்த ஊதியப் பணியும் கூடாது என்று எழுதியிருக்கும். "நான் பாடம்தானே எடுக்கிறேன்" என்பது அங்கே செல்லாது. மனிதவளத் துறைக்கு எழுத்தில் கேளுங்கள்: அலுவலக நேரத்துக்கு வெளியே, நிறுவனத்தின் கருவியோ தகவலோ பயன்படுத்தாமல், போட்டி நிறுவனத்துக்கு இல்லாமல் மாலை வகுப்பு எடுக்க அனுமதி வேண்டும் என்று. பெரும்பாலும் கொடுப்பார்கள். கேட்காமல் செய்து, வகுப்பு அறிவிப்பில் உங்கள் பெயரை மேலாளர் பார்ப்பதுதான் ஆபத்து. பயிற்சித் தாள்களில் அலுவலகத்தின் உண்மையான கணக்கைப் பெயர் மாற்றிக்கூடப் போடாதீர்கள். எல்லா எண்களும் நீங்கள் புனைந்தவையாகவே இருக்கட்டும்.

மாணவர்களுக்கே கணக்கு எழுதிக் கொடுத்துச் சம்பாதிப்பது என்ற யோசனையைக் கைவிடுங்கள். உங்கள் நிறுவனம் அதைப் போட்டித் தொழிலாகப் பார்க்கலாம். மையமும் பார்க்கும். வகுப்பில் தன் சேவையை விற்கும் பயிற்றுநரைப் பல மையங்கள் அடுத்த பருவம் கூப்பிடாது, சிலவற்றில் ஒப்பந்தத்திலேயே தடை இருக்கும். படிக்க வந்தவருக்கும், இவர் முழுசாகச் சொல்லித்தரப் போவதில்லை, தன்னிடமே வர வைக்கத்தான் பார்க்கிறார் என்ற சந்தேகம் வந்துவிடும்.

இலவச மாதிரி வகுப்பும் பத்து வார நோட்ஸும்

இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். தேர்வுக் குழு முன்னால் இருபது, முப்பது நிமிடம் எடுத்துக் காட்டச் சொல்வது வழக்கமானது, தாராளமாகப் போங்கள். கட்டணம் கட்டிய மாணவர்களுக்கு ஒரு முழு வகுப்பை இலவசமாக எடுக்கச் சொன்னால் அது வேலை, கூலி கேட்கலாம்.

பத்து வார நோட்ஸை ஒப்பந்தத்துக்கு முன் கொடுக்க வேண்டாம். கெட்ட எண்ணம் இருப்பதாகச் சொல்லவில்லை, அவர்கள் வெறும் பாடத்திட்டத்தைத்தான் கேட்டிருக்கலாம். ஆனால் முழு நோட்ஸும் கையில் கிடைத்துவிட்டால் வேறொருவரை வைத்தும் வகுப்பை நடத்திவிட முடியும். நீங்களே எழுதியதற்குப் பதிப்புரிமை எழுதிய அந்த நொடியிலேயே உங்களுடையது. 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் அதற்குப் பதிவு எதுவும் வேண்டியதில்லை. பாதுகாப்பு எழுத்துக்குத்தான், யோசனைக்கு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் சொந்த வார்த்தையில் ஒருவர் நோட்ஸ் எழுதினால் தடுக்க முடியாது. நாளை ஒப்பந்தம் வரும்போது, வகுப்புக்காக எழுதியதெல்லாம் மையத்துக்கே சொந்தம் என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அதை மையத்தில் பயன்படுத்தும் உரிமை மட்டும் தருகிறேன் என்று மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால், உங்கள் சிறந்த பயிற்சித் தாள்களை அந்த மையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மூத்தவர்கள் முன் நிற்கும் பயம் பற்றி. வயது வந்தவர்கள் கற்கும் விதம் பற்றி நிறைய எழுதிய அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ், அவர்களுடைய அனுபவத்தையே பாடத்துக்கான முக்கிய வளமாகப் பார்த்தார். முதல் நாள் ஒவ்வொருவரிடமும் என்ன தொழில், கணக்கில் எந்த இடத்தில் தடுமாறுகிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த வாரங்களில் உங்கள் உதாரணங்கள் அங்கிருந்தே வரட்டும். தொழில் அவருக்குத் தெரியும், ஏடு உங்களுக்குத் தெரியும் என்ற நிலையில் யாரும் யாரையும் சோதிக்க மாட்டார்கள். தெரியாததைக் கேட்டால் "பார்த்துவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று சொல்லலாம், சொன்னபடி அடுத்த வாரம் சொல்லிவிட வேண்டும். பெரியவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். பிடிக்காவிட்டால் பேசாமல் நின்றுவிடுவார்கள். அதனால் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் யார் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தொடர்ந்து பேசுவது பதினைந்து, இருபது நிமிடத்தைத் தாண்டாமல் இருக்கட்டும், மீதி நேரம் அவர்கள் கை கணினியில் இருக்கட்டும். மாதிரி வகுப்பிலும் இதையே செய்யுங்கள். ஒரே ஒரு விஷயத்தை எடுத்து, தேர்வுக் குழுவையே ஒரு சின்னக் கணக்கைப் போட வையுங்கள்.

அந்த மையத்துக்கு இந்த வாரமே பதில் அனுப்பிவிடுங்கள். இப்படி எழுதலாம்: "மாதிரி வகுப்புக்கு வருகிறேன், முப்பது நிமிடம் எடுக்கிறேன். வாரவாரியான பாடத்திட்டத்தை ஒரு பக்கத்திலும், ஒரு வாரத்துக்கான பயிற்சித் தாளை மாதிரிக்கும் இணைத்திருக்கிறேன். முழு நோட்ஸை ஒப்பந்தம் முடிந்த பிறகு, ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னதாகத் தருகிறேன். கூலி எந்த முறையில், குறைந்தபட்சம் எத்தனை பேர் சேர வேண்டும், வகுப்பு ரத்தானால் என்ன ஏற்பாடு என்று தெரிவித்தால் நன்றாக இருக்கும்." நிறுவன அனுமதிக்கான கடிதத்தையும் இதே வாரத்தில் கொடுத்துவிடுங்கள். அது கைக்கு வரும்வரை மையத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.